அம்புக்குறி நேராகத்தான் காட்டும்

புறப்படுவதற்கு முந்தைய இரவு

நாளைக் காலை கிளம்புகிறோம். நான், அக்கா, அக்கா மகள், மூன்று பேர். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மலை ஊர் ஒன்றில் ஐந்து நாள் தங்கல். பகலில் நடப்பது, நடக்கிற வழியில் ஜியோகேச் பெட்டிகளைத் தேடுவது, இரவில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதிப் போடுவது. திட்டம் இவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பெட்டிகளின் பெயரும் வராது, அவை இருக்கும் இடத்தின் படமும் வராது. நாளைக்கு வேறு யாரோ அதே பாறைக்கு முன்னால் நின்று, எங்கே இருக்கும் என்று யோசிக்கப் போகிறார்கள். அந்த யோசனைதான் இதில் பெரிய சந்தோஷம். அதை நான் பறிக்கக் கூடாது.

ஜியோகேச்சிங் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வரவேண்டும். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. தேடுவது எவ்வளவு கடினம் என்பது ஒன்று, போய்ச் சேரும் நிலம் எவ்வளவு கடினம் என்பது மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். 5 என்றால் கயிறு, படகு என்று தனியாக ஏதாவது வேண்டும். வெளியூரில் நடக்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அக்காவுக்கு முழங்கால் வலி, இறக்கம் ஆகாது. அவள் வரும் நாளில் 2க்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

பலர் பெட்டிகளை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, அவற்றைக் கோடு போட்டு இணைத்து அதுதான் நடை என்கிறார்கள். பழக்கமான ஊரில் அது சரி. தெரியாத மலையில் நடையை முதலில் முடிவு செய்யவேண்டும். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று தீர்ந்த பிறகு, அந்தப் பாதையை ஒட்டி என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். இன்று மாலை முழுக்க அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் கடைசியாக வந்த ஐந்தாறு பதிவுகளைப் படித்தேன். வரிசையாக நான்கு பேர் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி போயிருக்கலாம். அதற்காக மலை ஏறவேண்டாம். தேறியவை ஒன்பது. அவற்றையும் வரைபடத்தையும் ஃபோனில் இறக்கி வைத்தாயிற்று. காகித வரைபடமும் காம்பஸும் தனியாக இருக்கின்றன.

பையில்: பேனா மூன்று, சுருட்டிய காகிதத்தை உருவ ஒரு ட்வீசர், கையுறை, டார்ச், விசில், பவர் பேங்க், ஜிப் கவர்கள், பெட்டியில் வைக்கச் சின்னச் சின்னப் பொருட்கள் சில. அந்தப் பொருட்களை அக்கா மகள் தானே தேர்ந்தெடுத்தாள். ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமானதையோ அதைவிட நல்லதையோ வைக்கவேண்டும் என்று சொன்னதும், தனக்குப் பிடித்த கோலிக்குண்டு ஒன்றையும் சேர்த்தாள்.

முதல் நாள்

மதியம் வந்து சேர்ந்தோம். வெளிச்சம் இருக்கும்வரை ஒரு சின்ன நடை போகலாம் என்று கிளம்பினோம்.

ஊரின் எல்லையைத் தாண்டியதும் ஃபோனில் அம்புக்குறி 180 மீட்டர் என்றது. அக்கா மகள் அம்புக்குறி காட்டிய பக்கமே ஓடினாள். ஐம்பது மீட்டர் போனதும் நின்றுவிட்டாள். முன்னால் பள்ளம், கீழே ஓடை. அக்கரையில் மரங்கள் அடர்ந்து நின்றன.

"சித்தி, அந்தப் பக்கம்தான் இருக்கு. இறங்கி ஏறிடலாமா?"

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஓடையின் இரண்டு கரையிலும் சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் நிலம் சமம். மலையில் நடப்பவருக்கு இதுவே அரிச்சுவடி. அவள் விரலால் ஓடையைத் தொட்டபடியே மேலே போனாள். ஓரிடத்தில் கோடுகள் விலகின, அங்கே ஒரு நடைபாலமும் குறிக்கப்பட்டிருந்தது. சுற்றிப் போனால் 1.1 கிலோமீட்டர்.

அம்புக்குறி நேராகத்தான் காட்டும். அதற்கு ஓடையும் தெரியாது, பாறையும் தெரியாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை நம் கண்ணும் காலும் பார்த்துக்கொள்ளவேண்டும். சுற்றிப் போகும்போது பெட்டியை விட்டு விலகுவதுபோல இருக்கும். 180 என்று இருந்தது 310 ஆகி, 420 ஆகி, அப்புறம்தான் குறையத் தொடங்கியது. எண் ஏறும்போது அவள் முகம் வாடியதையும் இறங்கத் தொடங்கியதும் நடை வேகமானதையும் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். பாலத்தைக் கடந்த பிறகு பாதையோரம் பாசி பிடித்த கற்கள், ஈரமண் வாசனை, எங்கோ மரங்கொத்தியின் தட்டல். நேராக இறங்கி ஏறியிருந்தால் இவை எதுவும் இல்லை.

பெட்டி ஒரு பெரிய மரத்தின் வேருக்கடியில் இருந்தது. கையை விடுவதற்கு முன்னால் குச்சியால் தட்டிப் பார்க்கவேண்டும். பாம்பு, தேள், குளவிக்கூடு எது வேண்டுமானாலும் இருக்கும். அவள் தட்டினாள், எட்டிப் பார்த்தாள், டார்ச் அடித்தாள். வேரின் குறுக்கே நான்கு குச்சிகள் ஒரே நீளத்தில் ஒரே திசையில் அடுக்கி இருந்தன. காடு குச்சிகளை அப்படிப் போடாது. இந்தத் தேடலில் கண் பழக வேண்டியது இதற்குத்தான். இயற்கை அடுக்காத ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிளாஸ்டிக் பெட்டி, நாலு பக்கமும் பூட்டும் மூடி. உள்ளே லாக் புத்தகம் கொஞ்சமும் நனையாமல் இருந்தது. அவள் பெயரை எழுதினாள், நான் எழுதினேன், அக்கா பெயரையும் சேர்த்தோம். கோலிக்குண்டை வைத்தாள். பதிலுக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடியில் ஒரு டிராவல் பக் கிடந்தது. எண் பொறித்த தகடும் அதோடு கோத்த ஒரு சின்ன மர ஆமையும். டிராவல் பக் யாருக்கும் சொந்தமாகிவிடாது. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் விடவேண்டும், ஒவ்வொரு கைமாற்றத்தையும் அதன் எண்ணுக்குக் கீழே பதியவேண்டும். அறைக்கு வந்து அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அனுப்பியவர் எழுதியிருந்தார்: இந்த ஆமைக்கு உயரமான இடங்களைப் பார்க்க ஆசை.

நான்காம் நாள் உச்சி ஏறும் திட்டம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பெட்டி உண்டு. ஆமை எங்களோடு வருகிறது.

இரண்டாம் நாள்

இன்று காட்டுக்குள் எட்டு கிலோமீட்டர். அக்கா அறையிலேயே இருந்துவிட்டாள்.

நான்கு பெட்டிகள் குறித்திருந்தோம். முதல் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. மைல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு பெட்டியைத் தேடும்போது பக்கத்துப் பெட்டி தவறிக் கையில் அகப்படாது.

மூன்றாவதுதான் எங்களை ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. ஒரு பக்கம் உயரமான பாறைச்சுவர், மேலே அடர்ந்த இலைக்கூரை. அம்புக்குறி 4 மீட்டர் என்றது. இரண்டடி வைத்ததும் 19 மீட்டர், பின்பக்கம் என்றது. நின்றால் சுழன்றது. அக்கா மகள் ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்தாள்.

ஃபோனில் கோளாறு ஒன்றும் இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் நேராக நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. பாறைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைக் கருவி தூரமாக எடுத்துக்கொள்ளும். பாறையின் பக்கம் வானம் மறைந்துவிடுவதால் கிடைக்கும் செயற்கைக்கோள்களும் குறைவு. திறந்த வெளியில் நான்கைந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் ஃபோன், இங்கே இருபது மீட்டர் தள்ளாடும். பெட்டியை ஒளித்தவரின் கருவியும் அன்று இதே இடத்தில் இப்படித் தள்ளாடியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளவேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. இடத்தை விட்டு முப்பது நாற்பது மீட்டர் விலகி, வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, ஃபோனை ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்கவேண்டும். காட்டும் திசையில் ஏதாவது ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொள்வது. பிறகு வேறொரு பக்கத்திலிருந்து இதையே செய்வது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடலாம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று கையை நீட்டிக்கொண்டோம். வெட்டும் இடத்தில் ஒரு பட்ட மரம் நின்றது. பொந்தில் பார்த்தோம், வேரைச் சுற்றிப் பார்த்தோம், பின்னால் இருந்த கல்லிடுக்குகளைப் பார்த்தோம். இல்லை.

தேடுகிற வேகத்தில் அவள் தரையைக் கிளறப் போனாள். தடுத்தேன். பெட்டியைப் புதைத்து வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை, அதனால் தோண்டிப் பார்க்க ஒன்றும் கிடையாது. செடியைப் பிடுங்குவது, கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே விடுவது இரண்டும் காட்டுக்குச் செய்யும் தீங்கு. ஒரு பெட்டிக்காக நூறு பேர் வந்து நூறு பேரும் பாசியை மிதித்தால் அந்த இடமே வழுக்கை விழுந்துவிடும். இதை நான் நிறைய இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் புரட்டிய கற்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

"கிடைக்கவில்லை" என்று பதிந்துவிட்டுக் கிளம்பினோம். அப்படிப் பதிய அவளுக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்தப் பதிவும் வேண்டும். ஒளித்தவர் அதைப் பார்த்துத்தான் பெட்டி இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். அடுத்து வருகிறவரும் அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பார். நேற்று முன்தினம் நான் படித்தது யாரோ இப்படி நேர்மையாக எழுதி வைத்ததைத்தானே.

வழியில் அவளுக்கு இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொன்னேன். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு காட்டில் ஒரு டப்பாவைத் தேடவே முடியாது. அதிபர் பில் கிளின்டன் காலத்து முடிவுப்படி அந்தப் பிழையை மே 2 அன்று எடுத்துவிட்டார்கள். மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து, இருப்பிடத்தை இணையக் குழு ஒன்றில் எழுதினார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், சில பொருட்கள், அவற்றில் ஒரு உண்டிவில்லும் ஒரு டின் பீன்ஸும். சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் முதல் ஆளாகக் கண்டுபிடித்தார்.

"டின் பீன்ஸா?" என்றாள். ஆமாம். இப்போது தின்பண்டம் எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து கடித்துக் குதறிவிடும்.

நான்காவது பெட்டியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. லெட்டர்பாக்ஸ் ஹைப்ரிட் வகை. இது ஜிபிஎஸ்ஸைவிடப் பழைய பழக்கத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், கிரான்மியர் பூல் என்ற எளிதில் போய்ச்சேர முடியாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் அது ஸ்டாம்ப் வைத்த பெட்டிகளாகப் பெருகியது. நடந்து வந்ததற்கு ஒரு அடையாளம் விடவேண்டும் என்ற ஆசை அன்றும் இன்றும் ஒன்றுதான். அவள் தன் நோட்டில் ஸ்டாம்பை அழுத்தி எடுத்தாள். ஸ்டாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது, அது பெட்டியின் சொத்து.

மூன்று கிடைத்தன, ஒன்று இல்லை. இரவில் அவள் பேசுவதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

மூன்றாம் நாள்

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை.

பெட்டிகளுக்கான குறிப்புகள் சங்கேத எழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப் போடுவது. A என்றால் N, B என்றால் O. மொத்தம் இருபத்தாறு என்பதால் இன்னொரு முறை தள்ளினால் பழைய எழுத்தே திரும்பி வந்துவிடும். ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினால் தானே அவிழும். ஆனால் அக்காவும் மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதத்தில் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் கிடைக்காத பெட்டியின் குறிப்பை அவள் பார்க்க விரும்பவில்லை. "அடுத்த தடவை வந்து நானே கண்டுபிடிக்கணும்" என்றாள்.

மதியம் ஒரு கேள்வியோடு வந்தாள். தானே ஒரு பெட்டியை இங்கே ஒளித்துவிட்டுப் போனால் என்ன? டப்பாவுக்குள் என்னென்ன வைப்பது என்று பட்டியலும் தயார்.

இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒளித்தவருக்குப் பராமரிப்புக் கடமை உண்டு. லாக் புத்தகம் நனைந்தால் மாற்றவேண்டும், மூடி உடைந்தால் வேறு வைக்கவேண்டும், நிலத்துக்குரியவர் எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் அது வெறும் குப்பை. பதிவிடும் முன் சரிபார்ப்பவர்களும் இதற்காகவே அதை ஏற்கமாட்டார்கள். "நம்ம வீட்டுப் பக்கத்தில் வைக்கலாம். மாசம் ஒரு தடவை நீயே நடந்து போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பட்டியலைத் திருத்தத் தொடங்கினாள்.

மாலையில் மழை விட்டது. நாளைக்கு உச்சி.

நான்காம் நாள்

ஐந்தரைக்குக் கிளம்பினோம், நானும் அவளும். அக்காவிடம் காகிதத்தில் பாதையை வரைந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை எழுதிக் கொடுத்தோம். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடவேண்டும்.

நேரக் கணக்கை நேற்று அவளே போட்டாள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு ஆறு கிலோமீட்டர், 720 மீட்டர் ஏற்றம். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், அதோடு இன்னொரு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். இது நல்ல பழக்கமுள்ளவர் ஓய்வில்லாமல் நடப்பதற்கான கணக்கு. சிறுபெண்ணும் தேடலும் சேர்ந்தால் இரண்டு மடங்கு என்று வைத்தேன். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டோம். ஜிபிஎஸ் சிக்னலைப் பெறுவது மட்டும்தான், எதையும் அனுப்புவதில்லை. அதனால் நெட்வொர்க் இல்லாமலும் வேலை செய்யும். மலையில் பேட்டரியைத் தின்பது டவரைத் தேடிக்கொண்டே இருக்கும் ஃபோன்தான்.

மூன்றாவது கிலோமீட்டரில் மரங்கள் முடிந்து வெறும் கருங்கல் தொடங்கியது. யானை முதுகு போன்ற பெரிய பாறை. இங்கே இருப்பது எர்த்கேச். பெட்டி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியில் 2004இல் தொடங்கிய வகை. நிலத்தை உற்றுப் பார்த்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பவேண்டும். எல்லா வகைகளிலும் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். நடக்கிறவரை நிறுத்தி, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கிறது.

பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாகக் கழன்றிருந்தது. கேள்விகள்: ஏட்டின் தடிமன் என்ன, விளிம்பு கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா, ஏடுகள் எந்தப் போக்கில் அமைந்திருக்கின்றன? அவள் அளவுநாடாவை எடுத்தாள். ஒன்று 14 சென்டிமீட்டர், இன்னொன்று 31. ஏடுகள் எல்லாம் பாறையின் வளைவோடு ஒட்டியே போயின.

காரணம் இதுதான். இந்தக் கருங்கல் உருவானபோது மலையே இல்லை. பூமிக்குள் ஆழத்தில், மேலே இருந்த பாறைகளின் பாரத்தில் அழுந்திக்கொண்டு, உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலே இருந்தது அரித்துப் போயிற்று. பாரம் குறையவும் பாறை வெளிப்பக்கமாக விரிந்தது, விரிந்த இடம் மேற்பரப்புக்கு இணையாக வெடித்தது. அவள் இரண்டு கையையும் பாறையில் வைத்துக்கொண்டு, "அப்படின்னா நாம நிக்கிறது ஒரு காலத்துல பூமிக்கு அடியிலயா சித்தி?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

பத்தே முக்காலுக்கு உச்சிக்குக் கீழே உள்ள முதுகுமேட்டை அடைந்தோம். அம்புக்குறி 140 மீட்டர். வரைபடத்தில் இன்னும் மூன்று கோடுகள், அறுபது மீட்டர் ஏற்றம். நேரம் தாராளமாக இருந்தது. ஆமையைப் பையின் வெளிப் பாக்கெட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மேற்கே மேகம் கறுத்து ஒரு மின்னல் வெட்டியது. நான் எண்ணத் தொடங்கினேன், அவளும் சேர்ந்துகொண்டாள். இருபத்தொன்றில் இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். அப்படியானால் ஏழு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளவேண்டும். அந்த முதுகுமேட்டில் எங்களைவிட உயரமாக எதுவும் இல்லை.

"திரும்பலாம்" என்றேன்.

"சித்தி, நூத்தி நாப்பது மீட்டர்தான்."

அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும் அந்த உச்சி கையெட்டும் தூரத்தில்தான் தெரிந்தது. நேர்கோட்டில் 140 மீட்டர். போக இருபது நிமிடம், தேடப் பத்து நிமிடம், வரப் பதினைந்து நிமிடம். மேகம் அவ்வளவு நேரம் தராது. விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மரங்களின் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் மழை அடிக்கத் தொடங்கிவிட்டது. தனி மரத்துக்கடியில் ஒதுங்காமல், சம உயரமாக அடர்ந்த காட்டுக்குள் தாழ்வான இடமாகப் பார்த்துக் குந்தினோம். அடுத்த மின்னலை எண்ணினோம். ஒன்பது. அதற்கடுத்தது ஐந்து. அவள் என் கையை விடவே இல்லை.

முக்கால் மணி நேரத்தில் மழை தள்ளிப்போனது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு நடந்தோம். வழுக்கும் இறக்கம், மெதுவான நடை. வழியில் யாரோ போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டே வந்தோம். இந்த விளையாட்டில் அதற்கென்றே 2002 முதல் ஒரு மரபு இருக்கிறது. நடக்கப் போனால் குப்பையோடு திரும்பு.

நான்கு மணிக்கு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவள் கையில் கசங்கியிருந்தது.

இரவு எர்த்கேச்சுக்கான பதில்களை அவளே எழுதி அனுப்பினாள். உச்சிப் பெட்டியின் பக்கத்திலும் ஒரு குறிப்பு எழுதினாள். அதை அப்படியே தருகிறேன்: "140 மீட்டரில் திரும்பினோம். இடி 21 எண்ணும் தூரத்தில் இருந்தது. பெட்டி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம்."

ஐந்தாம் நாள்

மதியம் ஊர் திரும்பவேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒன்பதில் மிச்சமிருந்தவற்றில் ஒன்று ஊரோரத்து ஏரிக்கரையில், நிலம் 1.5. அக்காவையும் அழைத்துக்கொண்டு போனோம். சமமான மண்பாதை, நடுவே உட்காரக் கல் பலகைகள். இந்த ஐந்து நாளில் அக்கா வந்த இரண்டாவது நடை இது.

ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டோம். அக்கா மகள் எதுவும் சொல்லாமல் பின்னால் நடந்தாள். 60 மீட்டர், 35, 12. ஏரி கொஞ்சம் உள்வாங்கும் இடத்தில் அம்புக்குறி தண்ணீருக்குக் குறுக்கே காட்டியது. அக்கா நின்று பார்த்தாள், பிறகு கரையோடு சுற்றிக்கொண்டு நடந்தாள். மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பழைய மரவேலியின் கம்பம் ஒன்றில் மேல்மூடி லேசாக ஆடியது. அக்கா அதைத் திருகினாள். உள்ளே ஃபிலிம் டப்பா அளவில் ஒரு சின்னக் குப்பி.

"இதுவா?"

"இதுதாம்மா!" மகள் கத்தியதில் ஏரியிலிருந்த நாரை ஒன்று எழுந்து பறந்தது.

ட்வீசரால் காகிதச் சுருளை உருவினோம். விரலகலக் காகிதம், நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். இந்த ஐந்து நாளும் அக்கா பெயரை நாங்கள்தான் எழுதினோம். இன்று பேனாவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல் பலகையில் உட்கார்ந்து, மூன்று பேர் பெயரையும் தேதியையும் தானே எழுதினாள். சுருளைப் பழையபடி இறுக்கிச் சுற்றி, மூடியை முன்பிருந்த மாதிரியே திருகி வைத்தாள். ஆடுகிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

ஆமை அந்தக் குப்பியில் நுழையாது. அது என் பையிலேயே இருக்கிறது. இப்போது வண்டி மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் அக்கா மகள் ஆமையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அனுப்பியவருக்கு என்ன எழுதுவது என்று கேட்கிறாள். உச்சிக்குக் கீழே முதுகுமேடு வரை வந்து போனது, அடுத்த மலைக்கு எங்களோடு வருகிறது, அதிக நாள் வைத்துக்கொள்ளமாட்டோம் என்று எழுதச் சொன்னேன். அடுத்த மலை எது என்று அக்கா கேட்கிறாள்.